−9ஐ விட்டதற்கு மார்க் வெட்டலாமா?

ஈசூன்_அப்பா:
மகன் உயர்நிலை மூன்று, ஏ-மேத்ஸ் (கூடுதல் கணிதம்). வகுப்புத் தேர்வில் லாக்₃(எக்ஸ்²) = 4 என்று ஒரு கணக்கு. லாக் என்றால் மடக்கை, அதாவது 3ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் உள்ளே இருக்கும் எண் வரும் என்பது. பையன் அடுக்கை முன்னால் கொண்டுவந்து 2 லாக்₃ எக்ஸ் = 4 என்று எழுதி, எக்ஸ் = 9 என்று முடித்துவிட்டான். −9ஐ எழுதவில்லை என்று பாதி மார்க் போச்சு. சொல்லிக்கொடுத்த விதியைத்தானே போட்டான்?

துணைப்பாட_அக்கா:
வெட்டியது சரிதான் அண்ணே. −9ஐ வைத்துப் பாருங்கள். வர்க்கம் 81, அதாவது 3⁴. கச்சிதமாகப் பொருந்துகிறது. அதைத் தொலைத்தது உங்கள் மகனின் இரண்டாவது வரி. லாக்₃(எக்ஸ்²) பூஜ்ஜியம் தவிர எந்த எண்ணுக்கும் உண்டு. 2 லாக்₃ எக்ஸ் நேர் எண்ணுக்கு மட்டும்தான்.

ஈசூன்_அப்பா:
அப்படியா? போன வாரம் லாக்₃ எக்ஸ் + லாக்₃(எக்ஸ் − 8) = 2 என்ற கணக்கில் 9, −1 என்று இரண்டு விடை வந்தது. மைனசுக்கு லாக் கிடையாது, −1ஐ அடி என்றவரும் இதே ஆசிரியர்தான். அங்கே மைனஸ் வந்தால் தப்பு, இங்கே வராவிட்டால் தப்பா?

உட்லண்ட்ஸ்_பொறியாளர்:
எக்ஸ் மைனசா என்று பார்க்காதீர்கள், லாக்குக்குள் என்ன போகிறது என்று பாருங்கள். அங்கே எக்ஸ் = −1 என்றால் எக்ஸ் − 8 = −9, இந்த இரண்டும் தனித்தனி லாக்குக்குள் போகின்றன. இங்கே போவது 81. அங்கே இரண்டு லாக்கையும் சேர்த்து எக்ஸ்(எக்ஸ் − 8) ஆக்கியதும் (−1)(−9) = 9, நல்ல பிள்ளையாகிவிடுகிறது. சேர்த்தால் இல்லாத விடை நுழையலாம். அடுக்கை இறக்கினால் இருக்கிற விடை நழுவலாம்.

லாக்_புக்_தாத்தா:
இப்படிப் பயமுறுத்தினால் பிள்ளைகள் லாக் பக்கமே வரமாட்டார்கள். கணித அறிஞர் நேப்பியர் 1614இல் மடக்கையை வெளியிட்டதே பெருக்கலைக் கூட்டலாக்கிச் சுமையைக் குறைக்கத்தான். நாங்கள் லாக் புக்கை, அதாவது மடக்கை அட்டவணையைப் புரட்டி, கூட்டி, ஆன்டிலாக் பார்த்து மறுபடி எண்ணாக்கினால் விடை. குறியைத் தனியாக வைத்துக்கொள்வோம். நிபந்தனை என்ற பேச்சே இல்லை.

துணைப்பாட_அக்கா:
தாத்தா, உங்களுக்குத் தெரிந்த எண்ணைப் பெருக்கினீர்கள். இவனுக்கு எக்ஸ் எதுவென்றே தெரியாது. அந்தப் பெருக்கலை இப்போது கால்குலேட்டர் செய்துவிடும். குறியைப் பார்ப்பதுதான் பிள்ளையின் வேலை.

ஈசூன்_அப்பா:
சரி, கணக்கு புரிகிறது. ஆனால் மகனின் நோட்டில் அந்த விதிக்குப் பக்கத்தில் எக்ஸ் > 0 என்று எங்கேயும் இல்லை. ஓ லெவல் தேர்வில் தரும் சூத்திரப் பட்டியலிலும் லாக் விதிகள் கிடையாது, மனப்பாடம்தான். நிபந்தனையை விட்டுவிட்டு மனப்பாடம் செய்யச் சொல்லி, அதற்கே மார்க்கைப் பிடுங்குவது அநியாயம். இதில் நான் மாறமாட்டேன்.

துணைப்பாட_அக்கா:
நோட்டு விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான் அண்ணே, மார்க்கில் இல்லை. எக்ஸ்² = 3⁴ என்று நேராக அடுக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். லாக் விதிதான் வேண்டுமென்றால் 2 லாக்₃|எக்ஸ்|, இரண்டு பக்கமும் கோடு போட்டு, அதாவது மைனஸ் குறியை நீக்கிய மதிப்பு. இன்றைக்கே லாக்₂((எக்ஸ் − 3)²) = 6 கொடுத்துப் பாருங்கள். 11உம் −5உம் வரவேண்டும்.