லொறியில றைவரா ஏறமுதல் கொம்பனியை எப்பிடி எடைபோட்டுப் பாக்கிறது? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ

மாங்குளம் சந்தி:
கிளிநொச்சிப் பக்கம் ஒரு கந்தோர், பெயர் வேண்டாம். முதலாளி பேனை எடுக்க மேசை லாச்சியை இழுத்தார். உள்ள ரப்பர் வளையம் போட்ட லைசன்ஸ் கட்டு. ஏழெட்டு இருக்கும், எல்லாம் அங்க ஓடுற றைவர்மாற்றை. நடைக்குப் போகேக்க குடுத்து, லொறி வந்து நிண்டோடனை திருப்பி வாங்குவினமாம். "ஒரு பொறுப்புக்குத்தான்" எண்டார். அந்தக் கட்டுத்தான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

பொறுப்புக்கெண்டால் போட்டோக் கொப்பி காணும். அசலைப் பிடிக்கிறது, நிண்டுபோட்டு விலகிப் போற ஆளைக் கட்டி வைக்க. கடைசி மாதச் சம்பளமும் அந்தக் கட்டுக்குள்ளதான் கிடக்கும். வெறும் தாளில கையெழுத்துக் கேக்கிற இடமும் இதே சாதி.

இன்னொண்டு கேக்கோணும்: தண்டம் விழுந்தால் ஆர் கட்டுறது? வேகம், பெல்ட் எண்டால் றைவரின்ரை பிழை, அதில கதையில்லை. பாரம் கூட, பின் லைற் எரியேல்லை, ரயர் தேஞ்சது எண்டால் முதலாளி கட்டோணும். "கட்டுறம்" எண்டு சொன்னால் மட்டும் காணாது, எத்தினை நாளில எண்டு கேளுங்கோ. பொலிஸ் லைசன்சை வாங்கிக்கொண்டு தாற துண்டு 14 நாளைக்குத்தான் செல்லும். 14 நாள் தாண்டினால் தண்டம் இரட்டிப்பு, 28 தாண்டினால் வழக்கு. முதலாளி "நாளைக்கு, நாளையிண்டைக்கு" எண்டு இழுத்தால் லைசன்ஸ் இல்லாமல் வீட்டில இருக்கப்போறது அவரில்லை.

ஆறுசில்லு:
லாச்சியைப் பாக்கிறதுக்கு முதல் லொறியின்ரை பதிவுப் புத்தகத்தைப் பாருங்கோ அண்ணை. முழு உரித்தாளர் எண்டு ஆற்றை பெயர் கிடக்கு? லீசிங் கொம்பனியின்ரை பெயர் கிடக்கிறது பிழையில்லை, இப்ப ஓடுற லொறியில கனக்க அப்பிடித்தான். கடைசித் தவணை கட்டின துண்டு எங்கை எண்டதுதான் கேள்வி. ஒருக்கால் மதவாச்சி தாண்டி தேத்தண்ணிக் கடையில நிண்ட லொறியை லீசிங் கொம்பனி ஆக்கள் மூண்டு பேர் வந்து சாவியை வாங்கிக்கொண்டு எடுத்திட்டாங்கள். சோத்துப் பானை, சாரம், துவாய் எல்லாம் உள்ளுக்க. றைவரும் கிளீனரும் வெறுங்காலோட ரோட்டில. பின்னுக்கு ஆற்றையோ லோட்.

தவணை நிலுவையில கிடக்கிற லொறிக்கு அடையாளம் இருக்கு. "இரவில ரோட்டோரம் போடாத, ஆற்றையும் வளவுக்குள்ள போடு" எண்டு சொல்லுவினம். குறிப்பிட்ட ஒரு ரவுணுக்குள்ளால போகவேண்டாம் எண்டுவினம். தெரியாத நம்பரில இருந்து போன் வந்தால் நிக்கிற இடம் சொல்லாத எண்டுவினம். இதில ஒண்டு கேட்டாலே மற்றது ரண்டும் பின்னால வரும்.

லைசன்ஸ் வகுப்பைக் கனபேர் கணக்கில எடுக்கிறேல்லை. சி1 எண்டால் மொத்த நிறை 17,000 கிலோவுக்குள்ள நிக்கிற லொறி மட்டும். ஆறுசில்லு அனேகமா அதுக்குள்ள வரும். பத்துச்சில்லுக்கு சி வேணும், ரெயிலர் கொளுவி இழுக்கிறதுக்கு சிஈ. "எல்லாம் ஒண்டுதான் தம்பி, எடு" எண்டு சி1 காரனிட்டைப் பத்துச்சில்லுச் சாவியைக் குடுக்கிற முதலாளி, ஏதும் நடந்தால் காப்புறுதிக்காரன் கைவிரிப்பான் எண்டு தெரிஞ்சுதான் குடுக்கிறார்.

நெல்லுக்காலம்:
ரண்டு பேரும் கந்தோருக்குள்ளயே நிக்கிறியள். நடை முடிஞ்சு கணக்குப் பாக்கேக்கதான் கொம்பனி தெரியும்.

காலபோக அறுவடை, பொலநறுவை மில், வாசலில ரண்டு நாள் வரிசை. ஏத்தேக்க தராசுத் துண்டு 10,000 கிலோ, இறக்கேக்க 9,880. முதலாளி கல்குலேற்றரைத் தட்டி 120 கிலோ நெல்லின்ரை காசை றைவரின்ரை நடைக்காசில வெட்டினார். அந்தாள் ஒரு மூடையும் களவெடுக்கேல்லை. ஈரம் போனது. 18 வீத ஈரத்தில ஏத்தின நெல்லு 17க்கு இறங்கினால் பத்துத் தொன்னில சரியா அந்த 120 கிலோதான் குறையும். ஈரம் 18 எண்டால் காய்ஞ்ச பங்கு 82 வீதம், 17 எண்டால் 83. 10,000ஐ 82ஆல பெருக்கி 83ஆல பிரிச்சுப் பாருங்கோ. நெல்லுக்காரன், மில்காரன் எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு, றைவருக்கு மட்டும் சொல்லுறேல்லை.

அதாலை ஏறமுதல் கேளுங்கோ: எத்தினை கிலோ வரைக்கும் கழிவு விடுறியள்? பொறுப்பு மூடை எண்ணிக்கைக்கோ நிறைக்கோ? நல்ல இடத்தில "எண்ணிக்கை றைவருக்கு, நிறை எங்களுக்கு" எண்டு பட்டெண்டு சொல்லுவினம். படங்கு கிழிஞ்சு மழை உள்ளுக்க போனால் ஆர் பொறுப்பு எண்டும் கேளுங்கோ. கேட்டுப்போட்டு அந்தப் படங்கை விரிச்சுக் காட்டச் சொல்லுங்கோ.

வரிசையில நிக்கிற நாளுக்குப் படிக்காசு உண்டோ? நடைக்கு இவ்வளவு எண்டு பேசினால் ரண்டு நாள் வாசலில நிண்டதும் அதுக்குள்ளயே போகும். சம்பளம் எவ்வளவு எண்டு கேக்கிறவன் கனபேர், நிக்கிற நாளைக் கேக்கிறவன் குறைவு.

கணக்குப்பிள்ளை:
மேலே எழுதியவர்கள் யாரும் ஊழியர் சேமலாப நிதி (ஓய்வுக்காகச் சேரும் ஈ.பி.எஃப்.) பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஊழியரிடம் 8 வீதம், தொழில் தருநர் 12 வீதம், அதற்கு மேலே ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்.) தொழில் தருநர் 3 வீதம். அந்த 12ஐயும் 3ஐயும் சாரதியின் சம்பளத்தில் வெட்ட முடியாது. "20 வீதம் வெட்டுறம்" என்று சொல்லும் இடம் உங்கள் காசை உங்களுக்கே கட்டுகிறது.

லொறித் தொழிலில் நடக்கும் சூட்சுமம் வேறு. மாதம் 40,000 உழைப்பவருக்குச் சம்பளத் துண்டில் 15,000 என்று போட்டு, மீதியை நடைக்காசு என்று கையில் கொடுப்பார்கள். 15,000க்கு 20 வீதம் 3,000. 40,000க்கு 8,000. மாதம் 5,000, வருடம் 60,000 கணக்கில் ஏறாமல் போகிறது. நடைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கூலியும் சாப்பாட்டுக் கொடுப்பனவும் சேமலாப நிதிக் கணக்கில் சேர வேண்டியவை. சேராதது மேலதிக நேரக் கொடுப்பனவு. துண்டு தராத இடத்தில் இதையெல்லாம் நிரூபிப்பது கடினம். அங்கே ஏற்கெனவே ஓடுகிற ஒருவரிடம் சம்பளத் துண்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அவர் சிரித்தால் விடை கிடைத்துவிட்டது.

மாங்குளம் சந்தி:
ஐயா சொல்லுறது கொழும்புக் கொம்பனிக்குச் சரி. இஞ்சை ரண்டு லொறி வைச்சிருக்கிற ஆளிட்டை சேமலாப நிதி கேட்டால் "போய் வேறை இடம் பார்" எண்டுவார். ஆனால் அதே ஆள் ஆசுப்பத்திரிக்குக் காசு குடுப்பார், வீட்டுக்கு அரிசி இறக்குவார். துண்டு வைச்சு ஆளை அளக்கேலாது.

கணக்குப்பிள்ளை:
தம்பி, ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் சேமலாப நிதி கட்டத்தான் வேண்டும். அரிசி இறக்குவது அவருடைய நல்ல மனம், அதைக் குறை சொல்லவில்லை. லொறியை விற்றுவிட்டால் அரிசி நின்றுபோகும், கட்டிய நிதி எங்கும் போகாது. வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடைக்குத்தான் 15 பேர் என்ற எல்லை உண்டு. ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பழைய ரயர்:
ஒருத்தரும் கேக்கேல்லைத்தான், ஆனாலும் சொல்லுறன். கந்தோருக்குள்ள போகமுதல் யாட்டுக்குள்ள ஒரு சுத்து நடவுங்கோ. முதலாளியின்ரை வாயை விட லொறி கனக்கக் கதைக்கும். ஒரு யாட்டில முன் சில்லு ரண்டிலயும் றீபில்ட் ரயர் (பழைய ரயருக்குப் புதுப் பட்டி ஒட்டினது). முன்னுக்கு! பளபளவெண்டு கறுப்பு மை வேறை பூசிக் கிடந்தது. ஓட்டத்தில முன் ரயரின்ரை பட்டி உரிஞ்சால் ஸ்ரேறிங் கையில நிக்காது. பின்னுக்கு றீபில்ட் போட்டால் பறவாயில்லை, எல்லாரும் போடுறது.

ரயரின்ரை பக்கச் சுவரில நாலு இலக்கம் கிடக்கும். 2319 எண்டால் 2019ஆம் ஆண்டு 23ஆவது கிழமையில செய்தது. பட்டி நல்லாக் கிடந்தாலும் ஏழெட்டு வருசத்து ரயர் எண்டால் சுவரில மயிர்வெடிப்பு இருக்கோ எண்டு நகத்தால நெருடிப் பாருங்கோ. சோடிச் சில்லில ஒண்டு புதுசு ஒண்டு பழசு எண்டால் உயரம் வித்தியாசம், பாரம் முழுக்க ஒண்டில ஏறும், அது சூடாகி வெடிக்கும். நட்டைச் சுத்திச் செங்கல் நிறத்தில துருக்கோடு வழிஞ்சு கிடந்தால் நட்டு இளகி ஓடியிருக்கு. நட்டுக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடிச்சிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கோ. உள்பக்கச் சில்லில கிறீஸ் தெறிச்சுக் கிடந்தால் ஹப் சீல் பழுதாப் போட்டுது, கிறீஸ் லைனரில (பிறேக் பிடிக்கிற கட்டையில) பட்டால் அந்தச் சில்லுக்குப் பிறேக் இல்லை.

பிறகு காத்துப் பிறேக். அஞ்சு நிமிச வேலை, இதுக்கு விடாத கொம்பனிக்கு ஓடவே வேண்டாம். சில்லுக்கு அடை வையுங்கோ. எஞ்சினை ஸ்ராட் பண்ணி காத்தழுத்த மீற்றர் முள்ளு 7, 8 பாருக்கு வரும்வரை விடுங்கோ. ஏற நல்லாச் சுணங்கினால் கொம்பிரசர் களைச்சுப்போச்சு, இல்லாட்டி எங்கையோ ஒழுகுது. நிப்பாட்டி, கைப்பிறேக்கை எடுத்துவிட்டு, கால்பிறேக்கை மிதிச்சபடி ஒரு நிமிசம் பிடியுங்கோ. முள்ளு 0.2க்கு மேல இறங்கக் கூடாது. இறங்கினால் கிளீனரைக் கீழ குனிஞ்சு கேக்கச் சொல்லுங்கோ, "ஸ்ஸ்" எண்டு எங்கையோ பாடும். பிறகு சாவியை ஓன் பண்ணி, மிதிச்சு மிதிச்சுக் காத்தை இறக்குங்கோ. முள்ளு 4க்குக் கிட்ட வரேக்க பஸர் அடிக்கோணும். பஸரின்ரை வயரை வெட்டி விட்ட லொறியும் ஓடுது. கடைசியா காத்து ராங்கியின்ரை அடி வால்வை இழுங்கோ. கொஞ்சம் தண்ணி வந்தால் வழமை. குடம் போல வந்தால் மாசக்கணக்கில ஒருத்தரும் இழுக்கேல்லை. எண்ணெயாய் வந்தால் கொம்பிரசர் ஓயில் தள்ளுது.

ஜக், சில்லு ஸ்பனர், உதவிச் சில்லு இருக்கோ எண்டு பாருங்கோ. இரவில கனகராயன்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில ஜக் இல்லாமல் நிண்டால் யானைக்குத்தான் கதை சொல்லோணும்.

நெல்லுக்காலம்:
பழைய ரயர் அண்ணை, நீங்கள் சொல்லுற மாதிரிப் பாத்தால் வன்னியில ஒரு லொறியும் மிஞ்சாது.

பழைய ரயர்:
மிஞ்சுறதில ஏறு தம்பி.

முல்லைக் கரை:
மீன் லொறிக்கு வேறை கண் வேணும். உருகின ஐஸ்தண்ணி உப்போட கலந்து லொறியின்ரை அடிச்சட்டத்தில வடியும். பெட்டி வெள்ளை வெளேர் எண்டிருக்கும், கீழ குனிஞ்சால் பிறேக் குழாய் செதில் செதிலாய் உரியும். கையால தொட உடைஞ்சு விழுந்த ஒரு குழாய் கண்ணில நிக்குது, அண்டைக்கு இரவே அந்த லொறி பேலியகொடை மீன் சந்தைக்குப் போக இருந்தது. தண்ணி வெளியில போற குழாய் அடிச்சட்டத்துக்கு அங்காலை நீட்டிக் கிடக்கோ, நடை முடிய நல்ல தண்ணியால அடி கழுவுறவையோ எண்டு கேளுங்கோ.

ஐஸ் கணக்கும் பாருங்கோ. மீனுக்கும் ஐசுக்கும் ஒண்டுக்கு ஒண்டு வேணும். முதலாளி ஐசில மிச்சம் பிடிச்சுப்போட்டு "விடியமுதல் போய்ச் சேர்" எண்டு றைவரின்ரை காலில பாரத்தைப் போடுவார். மீன் பழுதானால் "நீ சுணங்கிப்போட்டாய்". ஐஸ் எத்தினை பார் (கட்டி) ஏத்தினது எண்டு துண்டில எழுதுவிச்சு எடுங்கோ. அதோட றைவர் ஒரு ஆளோ ரண்டு ஆளோ? முந்நூறு கிலோமீற்றருக்கு மேல இரவோட இரவா ஒரே ஆள் ஓடி, பகல் இறக்கி, வெறும்பெட்டியோட திரும்பிறதெண்டால் புத்தளப் பக்கம் நித்திரை தூக்கும்.

டீசல் ஒருத்தரும் சொல்லேல்லை. லீற்றருக்கு இவ்வளவு ஓடோணும் எண்டு ஒரு கணக்கு வைச்சு, மிச்சத்தை வெட்டுற கொம்பனி கனக்க. பத்துச்சில்லு பாரத்தோட மூண்டு, மூண்டரை ஓடினால் நல்லம். வெறுமையா ஓடுற கணக்கைப் பாரத்துக்கும் போட்டால் ஒவ்வொரு நடையும் கையால போகும். முதல் நடைக்கு முதல் ராங்கியை வாய் முட்ட அடிச்சு, திரும்பி வந்து அதே எண்ணெய் செட்டில வாய் முட்ட அடிச்சு, அந்தக் கணக்கை ரண்டு பேரும் எழுதிக் கையெழுத்து வையுங்கோ. அதுக்குப் பிறகு ஒருத்தரும் கள்ளன் எண்டு சொல்லேலாது.

மணல்காடு:
மணல் ஏத்துற ரிப்பர் ஓட நினைக்கிறவைக்கு மட்டும். மணல் பெர்மிற்றில வாகன நம்பர், திகதி, நேரம், எத்தினை கியூப் எண்டு நாலையும் வாசிச்சுப்போட்டு ஸ்ராட் பண்ணுங்கோ. ஒருக்கால் ரிப்பருக்குக் காத்துப் போய்ச் சில்லு மாத்தினதில பெர்மிற்றின்ரை நேரம் அரை மணித்தியாலம் தாண்டிப்போச்சு. பிடிபட்டது றைவர். முதலாளி பொலிசில "எனக்குத் தெரியாது" எண்டார், றைவர் பக்கத்தில நிக்கவே. பிணைக்கு ஆர் வாறது, வழக்கு நாளுக்குச் சம்பளம் உண்டோ எண்டு முதலே பேசுங்கோ. ஒரு கியூப் 100 கன அடி. காய்ஞ்ச மணல் நாலரைத் தொன், ஈரமணல் அஞ்சுக்கு மேல. மழைக்காலத்தில அதே மூண்டு கியூப் ஒண்டரைத் தொன்னுக்கு மேல கூடப் பாரம். கியூப் பெர்மிற்றுக்குச் சரியா இருந்தாலும் பாரம் கூடினால் தண்டம் விழும்.

ஓமந்தை:
மாட்டை மறந்திட்டியள். ஏ-9இல இரவில மாடு தாரில படுத்துக் கிடக்கும், சூட்டுக்கு. இடிச்சால் முன் கிறில், றேடியேற்றர், லைற் எல்லாம் போகும். முழுக் காப்புறுதியோ மூண்டாம் ஆளுக்கு மட்டுமோ எண்டு அட்டையைப் பாத்துக் கேளுங்கோ. மூண்டாம் ஆளுக்கு மட்டும் எண்டால் அந்த றேடியேற்றர் ஆற்றை கணக்கு?

மாங்குளம் சந்தி:
ஓமந்தை அண்ணை, இதைத்தான் அந்த லாச்சிக்காரரிட்டைக் கேட்டது. "மாடு பாத்து ஓடோணும்" எண்டார்.