ஹேமக் உறைக்குள்ளே வியர்வை மழை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. போன சனிக்கிழமை பினாங்கின் பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் ஹேமக் கட்டிப் படுத்தேன். (நம் வீட்டுத் தூளிதான், அம்மா பார்த்தால் சிரிப்பார்.) மேலே தார்ப்பாய் இருந்தாலும் கடல்காற்றில் சாரல் பக்கவாட்டில் அடிக்கும் என்று, ஹேமக்கை முழுதாக மூடும் நீர்புகா உறையும் வாங்கியிருந்தேன். உள்ளிருக்கும் ஆவியை வெளியே விடும் ரகம், விலையும் கொஞ்சநஞ்சமில்லை.

நள்ளிரவில் நல்ல மழை. ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. ஆனால் காலையில் பார்த்தால் போர்வை ஈரம், சட்டை ஈரம். எல்லாம் என் மூச்சும் வியர்வையும்தான்! இந்தத் துணிகள் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஈரப்பத, வெப்ப வேறுபாட்டை நம்பித்தான் வேலை செய்கின்றன. குளிர் நாட்டில் அது சரி. பினாங்கு மழை இரவில் வெளிக்காற்றே பிழியாத துணி மாதிரி இருக்கும்போது ஆவி எங்கே போகும்?

தலைப்பக்கம் ஒரு சாண் திறந்துவிட்டால் போதுமா? இல்லை, உறையை வீட்டிலேயே விட்டுவிட்டு, 3 மீட்டருக்கு 4 மீட்டர் தார்ப்பாயாக வாங்கித் தாழ்வாகக் கட்டுவது நல்லதா? அடுத்த மாதம் தம்பியோடு மறுபடி போகிறேன். நம் ஊர் மழையில் படுத்துப் பழகிய அண்ணன்மார் யாராவது சொல்லுங்களேன்.