ஆஞ்சியோ: மணிக்கட்டு வழியா, தொடை வழியா?

செல்வி அத்தை: கதிர், ஆஞ்சியோவை சிலருக்கு மணிக்கட்டுல பண்றாங்க, சிலருக்குத் தொடையில. எதுப்பா நல்லது?

கதிர்: முடிஞ்சவரை மணிக்கட்டுதான் அத்தை. அங்க ரத்தக்குழாய் தோலை ஒட்டி, எலும்பு மேல ஓடுது. கசிஞ்சா உடனே தெரியும், விரல் வச்சு அழுத்தினா நிக்கும். மாரடைப்புல ரத்தம் உறையாம இருக்க மருந்து நிறைய போகும், அவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். 2015ல வந்த மேட்ரிக்ஸ் ஆய்வுல, 8,404 பேர்ல, கை வழியா செஞ்சவங்களுக்குப் பெரிய ரத்தக்கசிவும் குறைவு, இறப்பும் குறைவு.

மீனா அக்கா: தொடையில குத்துற இடம்தான் எல்லாமே. தொடை எலும்போட தலைக்கு நேரா குத்தணும், அப்பதான் அழுத்த அடியில எலும்பு இருக்கும். கூட மேல போனா ரத்தம் வயித்துக்குப் பின்னால தேங்கும், வெளிய ஒரு சொட்டுகூட வராது. முதுகுவலி, பிபி இறங்குறது, நாடி வேகமாகுறது, இதை வச்சுத்தான் பிடிக்கணும்.

செல்வி அத்தை: அப்ப எல்லாருக்கும் கையிலயே பண்ணிட வேண்டியதுதானே?

கதிர்: குழாய் சின்னது அத்தை, 2-3 மி.மீ.தான். கருவி போக வழியா உள்ள வைக்கிற பிளாஸ்டிக் குழாய்தான் ஷீத். அதோட தடிமனை ஃபிரெஞ்ச்ங்கிற அளவுல சொல்வாங்க. 6 ஃபிரெஞ்ச் ஷீத்தோட வெளி அளவே சுமார் 2.5 மி.மீ. அதான் ரத்தக்குழாய் இறுகி அதைப் பிடிச்சுக்குது. ஷீத் போனதும், ரத்தக்குழாய் தளர அது வழியாவே நைட்ரோகிளிசரின் 200 மைக்ரோகிராம், வெரபமில் 2.5 மி.கி. குடுப்பாங்க, பிபி ரொம்பக் குறைவா இருந்தா மாட்டாங்க. குழாய் அடைக்காம இருக்க ஹெப்பாரின், பெரும்பாலும் 5,000 யூனிட். அப்படியும் பிடிச்சுக்கிட்டா பலமா இழுக்கவே கூடாது, குழாய் கிழிஞ்சிடும். திரும்ப மருந்து குடுத்து, வலி குறைச்சு, காத்திருந்து எடுக்கணும்.
பெரிய கருவி உள்ள போகணும்னா தொடைதான். டயாலிசிஸுக்கு ஃபிஸ்துலா (ரத்தக்குழாய்களை இணைச்சு வச்ச வழி) போட்ட கையைத் தொடவே கூடாது.

மீனா அக்கா: பைபாஸ் ஆனவங்களுக்கு இடது கை வசதி தம்பி, இடது மார்புக் குழாயை இதயத்துல ஒட்டியிருந்தா அந்தப் பக்கத்துல இருந்து போறது சுலபம்.

செல்வி அத்தை: முடிஞ்ச பிறகு?

மீனா அக்கா: தொடைன்னா 15-20 நிமிஷம் கையால அழுத்தி, அப்புறம் 4-6 மணி நேரம் காலை மடக்காம படுக்கணும். இருமும்போது அந்த இடத்தை உள்ளங்கையால அழுத்திக்கணும்.
கைன்னா, குத்தின இடத்தை அழுத்த மணிக்கட்டுல காத்து அடைச்ச பட்டை, சுமார் 2 மணி நேரம். கசிவு நிக்கிற அளவுக்கு மட்டும் காத்து, அதுக்கு மேல வேண்டாம். பெருவிரல்ல ஆக்சிஜன் கிளிப் மாட்டி, சுண்டுவிரல் பக்கக் குழாயை அழுத்திப் பாப்போம். மானிட்டர்ல நாடி அலை வந்தா குத்தின குழாய்ல ரத்தம் ஓடுது. வரலைன்னா காத்தைக் கொஞ்சம் குறைக்கணும், இல்லைனா குழாய் நிரந்தரமா அடைச்சுக்கும்.

கதிர்: முன்கை கல்லு மாதிரி இறுகி, விரல் மரத்து, வலி ஏறிக்கிட்டே போனா அது உள்கசிவு அத்தை. காலைவரை காத்திருக்கக் கூடாது, அப்பவே நர்ஸைக் கூப்பிடணும்.