நடிகன், வேஷம், ஆள்மாற்றம்: வாசகசாலையில் நான்கு ஞாயிறு என்ன படம் போடலாம்?

ஞாயிறு_திரை (கொழிஞ்சாம்பாறை):
இங்கே ஒரு வாசகசாலை ஹாலில் நான்கு ஞாயிறு தொடர்ந்து படம் போடுகிறோம். நாற்பது பேர் உட்காரலாம். எட்டடி அகலத் திரை, புரொஜெக்டர், லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர். நடிப்பு, வேஷம், ஒரு ஆள் இன்னொரு ஆளாகிப் போவது, இதுதான் எடுத்துக்கொண்ட விஷயம். வருகிறவர்களுக்குத் தமிழும் மலையாளமும் ஒன்றுபோலப் புரியும். ஆங்கில சப்டைட்டிலை ஓட்டமாகப் படிக்க எல்லாருக்கும் வராது. கையில் இருக்கும் பட்டியல்: நண்பகல் நேரத்து மயக்கம், பெர்சோனா, மல்ஹாலண்ட் டிரைவ், ஹோலி மோட்டார்ஸ். எந்த வரிசையில் போடலாம்? தமிழ் சப்டைட்டில் நாங்களே செய்தால் எங்கே தப்பு வரும்? அறிவியல் புனைகதை ஒன்றாவது இருக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள், அதற்கும் வழி சொல்லுங்கள்.

எல்லைக்கல் (சித்தூர், பாலக்காடு):
நண்பகலில் ஆரம்பியுங்கள். அந்தப் படத்துக்கு சப்டைட்டிலே போடாதீர்கள், இருப்பதையும் அணைத்துவிடுங்கள். வேளாங்கண்ணி போய்த் திரும்பும் நாடகக் குழுவின் தலைவர் ஜேம்ஸ், பஸ்ஸை நிறுத்தி இறங்கி, சோளக்காட்டு வழியே ஊருக்குள் நடந்து, கொடியில் காயும் லுங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டு, இரண்டு வருஷமாகக் காணாமல் போன சுந்தரமாக ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். மேக்கப் இல்லை, கிராஃபிக்ஸ் இல்லை. மாறுவது பாஷையும் நடையும்தான். ஆங்கில சப்டைட்டிலில் அவர் பேசும் மலையாளமும் தமிழும் ஒரே வெள்ளை எழுத்தாக வந்து போகும், படத்தின் உயிரே அதில் அடிபட்டுவிடும். நம்ம பக்கத்து ஆட்களுக்கு அந்த மாற்றம் காதிலேயே விழும். கண் தெரியாத அந்த அம்மா டிவி முன்னால் உட்கார்ந்தபடி அவரை மகனாக ஏற்றுக்கொள்வதைக் கவனிக்கச் சொல்லுங்கள். முகம் பார்க்க முடியாதவருக்குக் குரல்தானே ஆள்?

டிவியிலும் ரேடியோவிலும் பழைய படப் பாட்டும் வசனமும் ஓடிக்கொண்டே இருக்கும். சத்தம் ஜாஸ்தி என்று குறைத்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் லாட்ஜில் வரும் ‘உறங்குவது போலும் சாக்காடு’ குறளை யாரும் தவறவிடக் கூடாது, அதனால் கதவைச் சரியான நேரத்துக்கு அடைத்துவிடுங்கள்.

எழுத்தோட்டம் (புத்தூர், ஆந்திரா):
சப்டைட்டில் வேலை பற்றி. முதலில் உங்கள் வீடியோ விநாடிக்கு 24 பிரேமா 25 பிரேமா (பிரேம் என்றால் ஓடும் படத்தில் ஒரு தனிப் படம்) என்று பாருங்கள். 24-க்குச் செய்த ஃபைலை 25-இல் ஓடும் பதிப்புக்குப் போட்டால் நிமிஷத்துக்கு இரண்டரை விநாடி போல எழுத்து பின்தங்கும். பத்து நிமிஷத்தில் யார் பேசுகிறார் என்றே தெரியாது. விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகளைத் தட்டி நகர்த்துவது ஒரே அளவு தள்ளி நிற்கும் ஃபைலுக்குத்தான் உதவும். போகப்போக விலகும் ஃபைலை ‘சப்டைட்டில் எடிட்’ என்ற மென்பொருளில் திறந்து பிரேம் ரேட்டை மாற்றிச் சேமிக்க வேண்டும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்துக் குப்பையாகத் தெரியும். வரிக்கு ஐந்தாறு சொல், இரண்டு வரி, அதற்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தைவிடத் தமிழ்ச் சொல் நீளம், முழு வசனத்தையும் திணித்தால் முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது.

இந்தப் பட்டியலுக்கென்றே ஒரு விஷயம். மல்ஹாலண்ட் டிரைவில் நடிகையாக வாய்ப்புத் தேடும் பெட்டி (நயோமி வாட்ஸ்) ஒரு வசனத்தை வீட்டில் ரீட்டாவோடு ஒத்திகை பார்க்கிறாள், சாதாரணமாக, சத்தமாக. பிறகு ஆடிஷனில் அதே வசனத்தைக் காதோடு காதாகச் சொல்லும்போது அறையே உறைந்துபோகிறது. இரண்டு இடத்திலும் தமிழ் வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இரண்டாம் இடத்தில் கொஞ்சம் மெருகேற்றலாமே என்று கை துறுதுறுக்கும். மெருகேற்றினால் எல்லாரும் வசனம் மாறியது என்று நினைப்பார்கள், நயோமி வாட்ஸ் செய்தது கண்ணில் படாமல் போகும்.

பெர்சோனாவிலும் அப்படித்தான். பேசுவதை நிறுத்திவிட்ட நடிகை எலிசபெத்தின் குழந்தை பற்றி அவளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ஆல்மா பேசும் நீண்ட பேச்சு இரண்டு தடவை வரும், ஒரு தடவை கேட்பவள் முகத்தில், மறு தடவை சொல்பவள் முகத்தில். ஃபைல் கோளாறு என்று தள்ளி ஓட்டிவிடாதீர்கள். அதே வரிகளை காப்பி எடுத்து ஒட்டுங்கள்.

எல்லைக்கல்:
பெர்சோனாவுக்கு இன்னும் இரண்டு. நடுவில் ஃபிலிம் பற்றி எரிவதுபோல் வரும், அது 1966-இல் இயக்குநர் பெர்க்மன் வைத்த காட்சி, லேப்டாப்பைத் தொடாதீர்கள். படம் ஏறக்குறைய சதுரச் சட்டம். புரொஜெக்டரில் திரை நிரப்பும் அமைப்பு இருந்தால் முகங்கள் அகலமாக இழுபடும். ஒரு பாதி லிவ் உல்மன், மறு பாதி பிபி ஆண்டர்சன் என்று ஒரே முகமாக ஒட்டும் காட்சி அதில் பாழாகும். பக்கத்தில் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும்.

ஞாயிறு_திரை:
நன்றி அண்ணா. நண்பகல், பெர்சோனா, மல்ஹாலண்ட் என்று வைத்துக்கொள்கிறேன். நான்காவதுக்கு ஹோலி மோட்டார்ஸா, வேறா?

தெற்குக்கணவாய் (செங்கோட்டை):
2013-இல் ஆரி ஃபோல்மன் எடுத்த தி காங்கிரஸ் போடுங்கள், அறிவியல் புனைகதை கேட்டவர்களுக்கும் ஆகும். ஸ்தானிஸ்லாவ் லெம் நாவலைத் தழுவியது. ராபின் ரைட் தன் பெயரிலேயே நடிகையாக வருகிறார். அவர் உடம்பையும் சிரிப்பையும் அழுகையையும் ஸ்டுடியோ ஸ்கேன் செய்து எடுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு அவர் நடிக்கவே கூடாது. விளக்குகள் சூழ்ந்த கூண்டுக்குள் அவர் நிற்க, ஏஜென்ட் வெளியிலிருந்து கதை சொல்லிச் சொல்லியே சிரிக்கவும் அழவும் வைக்கிறார். எந்திரத்துக்குக்கூட உண்மையான அழுகை வேண்டியிருக்கிறது, எனக்குப் படத்திலேயே பெரிய காட்சி அதுதான். 2023-இல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது பேச்சுவார்த்தையில் இருந்த ஒரு முக்கிய விஷயம் இந்த டிஜிட்டல் நகல்தான். பிற்பாதி கார்ட்டூனாக மாறும், முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதிப்பேர் எழுந்துவிடுவார்கள்.

ஹோலி மோட்டார்ஸ் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. காருக்குள் மேக்கப் போட்டு இறங்கி இறங்கி வேறு ஆளாகும் தெனி லவாங்கை எல்லாரும் பார்க்க வேண்டும். ஆனால் அதிலும் மல்ஹாலண்டிலும் பிள்ளைகளுக்கு ஆகாத காட்சிகள் உண்டு. நோட்டீஸிலேயே பெரியவர்களுக்கு மட்டும் என்று அச்சடியுங்கள்.

எழுத்தோட்டம்:
மல்ஹாலண்டில் சிலென்சியோ கிளப் பாட்டு ஸ்பானிஷ், அதற்கு சப்டைட்டில் போடாதீர்கள். பாடுகிறவர் விழுந்த பிறகும் குரல் ஓடும், அந்த நேரத்தில் கண் கீழே எழுத்தில் இருக்கக் கூடாது. இரண்டு ஸ்பீக்கர்தான் என்பதால் ஸ்டீரியோ ஆடியோவைத் தேர்ந்தெடுங்கள். ஆறு சேனல் கொண்ட 5.1 டிராக்கைச் சரியாகக் கலக்காமல் விட்டால் நடு சேனலில் இருக்கும் பேச்சு அமுங்கி இசை மட்டும் முழங்கும். ஓடிடி கணக்கை வைத்துப் பொது இடத்தில் போட முடியாது. நான்கு படத்துக்கும் உரிமை வைத்திருப்பவர்களுக்கு இப்போதே எழுதிப்போடுங்கள், பதில் வந்த பிறகு தேதியை அச்சடித்தால் போதும்.