ஓரமாகப் போ என்று சொல்லாதீர்கள்

[குழு: நம் வீடு]

மாலை 6:48

நான்: எல்லோருக்கும் ஒரு விஷயம். பைக்கிலிருந்து விழுந்துவிட்டேன். பயப்பட வேண்டாம், வீட்டுக்கு வந்துவிட்டேன். முழங்காலில் சிராய்ப்பு, மணிக்கட்டில் கொஞ்சம் வீக்கம். டாக்டரிடம் காட்டியாயிற்று. எலும்பு முறிவு இல்லை என்றார்.

அம்மா: ஐயோ

அம்மா: போனை எடு

அம்மா: ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாய்

நான்: மருந்து போட்டுக்கொண்டிருந்தேன் அம்மா. இப்போது கூப்பிடு.

மாலை 7:10

அக்கா: அம்மா பேசிவிட்டாள், அழுதுகொண்டிருக்கிறாள். நீ எங்களுக்கும் சொல். எப்படி விழுந்தாய்? வேகமாகப் போனாயா?

நான்: இல்லை அக்கா. நடுவில் தடுப்பு இல்லாத சாலை. என் பாதியில் 60-இல் வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு லாரி. அதற்குப் பின்னாலிருந்து ஒரு கார் வெளியே வந்து, நேராக என் பாதிக்குள் நுழைந்தது. ஓட்டியவர் என்னைப் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்தார். ‘நான் வருகிறேன், நீ நகர்ந்துகொள்’ என்று அர்த்தம். அப்போது எங்களுக்கு நடுவே 150 மீட்டர் இருந்திருக்கும். பிரேக் பிடித்து லாரிக்குப் பின்னாலேயே திரும்பிப் போயிருக்கலாம். எதிரே வந்தது பஸ்ஸாக இருந்தால் போயிருப்பார். பைக்தானே என்று வந்தார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நான்: தாரை விட்டு இறங்கினேன். கீழே சரளை. முன் பிரேக் பிடித்தபடியே இறங்கிவிட்டேன், முன்சக்கரம் வழுக்கியது. கார் நிற்கவில்லை. லாரிக்காரர்தான் நிறுத்தி, இறங்கி வந்து தூக்கிவிட்டார்.

சித்தி: அந்த லாரிக்காரர் நன்றாக இருக்க வேண்டும்

தங்கச்சி: அண்ணா 😢 வண்டி நம்பர் பார்த்தீர்களா

நான்: எங்கே பார்ப்பது. தூசிதான் தெரிந்தது.

அம்மா: நான் எத்தனை தடவை சொன்னேன், ஓரமாகப் போ, ஓரமாகப் போ என்று. நடுரோட்டில் போனால் இப்படித்தான்.

சித்தி: அம்மா சொல்வது சரிதான் கண்ணு. பெரிய வண்டிக்காரர்கள் அப்படித்தான் வருவார்கள், நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.

மாலை 7:26

நான்: அம்மா, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. ஓரமாகப் போயிருந்தால் இன்றைக்கு இன்னும் மோசமாக விழுந்திருப்பேன். தார் விளிம்பை ஒட்டிப் போகிறவனுக்கு ஒதுங்க மிச்சம் இடம் இல்லை. மணல், கண்ணாடித்துண்டு, உடைந்த தார் எல்லாம் அங்கேதான் சேர்ந்து கிடக்கும். ஓரமாக நிற்கும் காரில் யாராவது திடீரென்று கதவைத் திறப்பார்கள். எல்லாவற்றையும்விட, நான் ஓரத்தில் போனால் பின்னால் வருகிறவருக்கு என் பக்கத்தில் ஒரு வழி இருப்பதாகத் தெரியும். அது முழு வழி இல்லை, முக்கால் வழி. அதில் நுழைந்து, என் தோளை உரசுவதுபோல் போவார். நான் கார்களின் சக்கரம் ஓடும் தடத்தில், என் பாதியின் உள்பக்கமாகப் போனால், அவர் முந்துவதற்கு நிஜமாகவே அடுத்த பாதிக்குப் போயாக வேண்டும். எதிரே வண்டி வந்தால் பொறுத்துத்தான் போவார்.

அம்மா: எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ உயிரோடு இருந்தால் போதும்.

அத்தான்: மச்சான், உடம்பு எப்படி இருக்கிறது? இப்போதுதான் பார்த்தேன். ஒரு சந்தேகம். பின்னால் வருகிறவர் முந்த வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதுதானே விதி? 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலேயே இருக்கிறது. முந்தப்படுகிறவர் தன் பக்க விளிம்பை ஒட்டிப் போக வேண்டும், வேகத்தைக் கூட்டக் கூடாது.

நான்: இருக்கிறது அத்தான், நான் மறுக்கவில்லை. ஒருவர் முந்த வரும்போது ஒதுங்கிக்கொடுப்பது வேறு, நாள் முழுக்க விளிம்பிலேயே ஓட்டுவது வேறு. அதே பகுதியில்தான் முந்துகிறவர் பக்கவாட்டில் போதுமான இடைவெளி விட வேண்டும் என்றும், எதிரே வருகிறவருக்கு ஆபத்தில்லாத அளவு சாலை காலியாக இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. நமக்குச் சொன்னதை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

அத்தான்: ம். சரி.

மாலை 7:45

பெரியப்பா: எல்லாம் படித்தேன். டைப் அடிக்க நேரமாகும், பொறுங்கள்.

பெரியப்பா: முப்பது வருடம் லாரி ஓட்டியவன் சொல்கிறேன், தம்பி சொல்வதுதான் சரி. மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவன் கண்ணுக்கு, ஓரத்தில் போகிற பைக் பாதி நேரம் பைக்காகவே தெரியாது. மரநிழலோடும் ரோட்டோரக் கம்பத்தோடும் கலந்துவிடும். முன்கண்ணாடிக்கு நேராக நல்ல தடத்தில் வந்தால் தெரியும்.

பெரியப்பா: லாரிக்குச் சுற்றிலும் குருட்டு இடம் உண்டு. மூக்குக்குக் கீழே, நேர் பின்னால், கேபின் கதவை ஒட்டி. என் பக்கக் கண்ணாடி உனக்குத் தெரியவில்லை என்றால் நீ எனக்குத் தெரியவில்லை. லாரிக்குப் பக்கத்திலேயே இணையாக ஓட்டிக்கொண்டு வருகிற பையன்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். முந்தினால் முந்து, இல்லையென்றால் பின்னால் நில். நடுவில் தங்காதே.

தங்கச்சி: பெரியப்பா, எனக்கு அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட். லாரி பக்கத்தில் போனாலே பைக் ஆடுகிறது, ஏன்?

பெரியப்பா: காற்றம்மா. அவ்வளவு பெரிய பெட்டி ஓடும்போது முன்னாலிருக்கும் காற்றை இரண்டு பக்கமும் தள்ளும். முதலில் உன்னை வெளியே தள்ளும், அது கடந்ததும் உள்ளே இழுப்பதுபோல் இருக்கும். நீ முந்தும்போது லாரியின் மறைவைத் தாண்டி வெளியே வந்த கணத்தில் பக்கக்காற்று இருந்தால் பளாரென்று அடிக்கும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதே. கையைத் தளர்த்தி, முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொள். வண்டி தானாக நேராகும்.

பெரியப்பா: இன்னொன்று. முன்னால் போகிற டிரைவர் ‘வா வா’ என்று கை காட்டுவார். நல்ல மனதோடுதான் காட்டுவார். ஆனால் அவர் பார்வையை நம்பி நீ போகாதே. உன் கண்ணுக்குச் சாலை தெரிந்தால் மட்டும் போ.

இரவு 8:05

அக்கா: கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கே கை நடுங்குகிறது. கார் 80, லாரி 60 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 20, அதாவது நொடிக்கு ஐந்தரை மீட்டர். லாரிக்கு 15 மீட்டர் பின்னால் வெளியே எடுத்து, லாரி நீளம் 10, கார் நீளம் 4, லாரிக்கு முன்னால் 15 மீட்டர் விட்டு உள்ளே வர வேண்டும். 44 மீட்டர். அதற்கு 8 நொடி. அந்த 8 நொடியில் கார் ஓடுவது 178 மீட்டர். எதிரே 60-இல் வரும் இவன் ஓடுவது 133 மீட்டர். கூட்டினால் 311. இவனோ 150 மீட்டர் என்கிறான். இருவரும் சந்திக்க நான்கு நொடிகூட இல்லை. பாதி முந்தலிலேயே நேருக்கு நேர்.

அம்மா: இதையெல்லாம் எழுதாதே. எனக்குப் படபடப்பாக இருக்கிறது.

அக்கா: எழுதத்தான் வேண்டும் அம்மா. இவருக்காகவும் எழுதுகிறேன். வீட்டில் கார் ஓட்டுகிறவர் இவர்தானே.

தங்கச்சி: அப்படியென்றால் அந்தக் கார்க்காரருக்கு 150 மீட்டர் போதாது என்று தெரியவே தெரியாதா?

நான்: பலருக்குத் தெரியாது. நம் கண்ணுக்குச் சின்னப் பொருள் எப்போதும் தூரத்தில் இருப்பதுபோலத்தான் தோன்றும். ஒரே வேகத்தில் ஒரே தூரத்தில் பஸ்ஸும் பைக்கும் வந்தால், பைக் வந்து சேர இன்னும் நேரம் இருக்கிறது என்று மூளை கணக்குப் போடும். ஒற்றை ஹெட்லைட் வேறு, வேகமே பிடிபடாது. 1981-இல் ஹாரி ஹர்ட் தலைமையில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்தது. பைக்கும் இன்னொரு வண்டியும் மோதியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த இன்னொரு ஓட்டுநர் பைக்குக்கு உரிய வழியை மறித்ததால் நடந்தவை. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் விழுந்தவனைப் பார்த்துத்தான் ‘வேகமாகப் போனாயா’ என்று கேட்கிறோம்.

அக்கா: நானும் அதைத்தான் கேட்டேன். மன்னித்துவிடு டா.

நான்: உன்னைச் சொல்லவில்லை அக்கா.

இரவு 8:31

அத்தான்: ஒன்று சொல்ல வேண்டும். நேற்று நான் காரில் வரும்போது முன்னால் ஒரு பைக். கணவன், மனைவி, நடுவில் ஒரு குழந்தை. அவர் ஓரமாகப் போனார், எனக்கு வழிவிடுகிறார் என்று நினைத்து, எதிரே வண்டி வந்தபோதே இடையில் புகுந்து போய்விட்டேன். கை நீட்டினால் தொடும் தூரம்தான் இருந்திருக்கும். அந்த அம்மா குழந்தையை இழுத்து அணைத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்போது இதையெல்லாம் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பெரியப்பா: அவர் முன்னால் ஒரு குழி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் மாப்பிள்ளை? பைக்காரன் குழியைக் கண்டால் வளைந்துதான் ஆக வேண்டும். அவன் வளைகிற இடம் உங்கள் காரின் இடம். ஒரு காரை முந்தும்போது எவ்வளவு தள்ளிப் போவீர்களோ அவ்வளவு தள்ளிப் போங்கள். இடம் இல்லையா, பின்னாலேயே போங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

அத்தான்: சரி மாமா. இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன்.

சித்தி: சொன்னதே பெரிய விஷயம் மாப்பிள்ளை

தங்கச்சி: அண்ணா, எதிரே ஒருவர் அப்படி வந்துவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்? நீங்கள் செய்த தப்பு எது?

நான்: தப்பு இரண்டு. லாரி வருவதைப் பார்த்தபோதே அதன் பின்னால் ஒருவர் எட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்து, வேகத்தைக் குறைத்து, நடுக்கோட்டை விட்டுக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வந்திருக்க வேண்டும். பெரிய வண்டி எதிரே வந்தால் எப்போதும் அப்படிச் செய். இரண்டாவது, தாரில் இருக்கும்போதே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் கொன்றிருக்க வேண்டும். சரளையில் இறங்கும் முன்பு முன் பிரேக்கை விட்டுவிட வேண்டும். நான் பயத்தில் தலைகீழாகச் செய்தேன்.

பெரியப்பா: முக்கியமானதை விட்டுவிட்டாய். ஒருவன் முந்தி வந்தால் அவனோடு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே இன்னொருவன் வெளியே வருவான். அவன் சாலையையே பார்த்திருக்க மாட்டான். என் அனுபவத்தில் இரண்டாவது ஆள்தான் அடிப்பவன்.

நான்: உண்மை பெரியப்பா. இன்று இரண்டாவது ஆள் இல்லாதது என் நல்ல நேரம்.

பெரியப்பா: அப்புறம் அந்தக் காரைத் துரத்திப் போகலாம் என்று தோன்றியதா?

நான்: தோன்றியது. வண்டி ஸ்டார்ட் ஆகியிருந்தால் போயிருப்பேன்.

பெரியப்பா: போகாதே. பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிப்பவனையும் போக விட்டுவிடு. அவன் உனக்கு முன்னால் இருந்தால் உன் கண்ணுக்குத் தெரிவான், பின்னால் இருந்தால் அவன் கையில் நீ இருப்பாய்.

இரவு 9:02

பெரியப்பா: ஹெல்மெட் தரையில் அடித்ததா?

நான்: பக்கத்தில் ஒரு கீறல்தான். தலைக்கு ஒன்றும் இல்லை.

பெரியப்பா: தலைக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் அதற்கு ஆனதுதான். உள்ளே இருக்கிற நுரை ஒரு தடவை அமுங்கினால் மறுபடி எழும்பாது. வெளியே கீறல் மட்டும் தெரியும். மாற்றிவிடு.

அம்மா: புதிதாக இருக்கிறதே, ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஓட்டிப் பழகும்வரை சின்னவளுக்காவது கொடுக்கலாமே?

தங்கச்சி: எனக்கு வேண்டாம் பெரியம்மா.

நான்: யாருக்கும் வேண்டாம் அம்மா. நாளைக்கு உனக்கு நேரில் விளக்கிச் சொல்கிறேன்.

அத்தான்: காலையில் நான் காரில் வந்து உன்னைக் கூட்டிப் போகிறேன் மச்சான். உனக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று, இரண்டும் நான் வாங்கித் தருகிறேன். மறுக்காதே.

நான்: சரி அத்தான். 9 மணிக்கு வாருங்கள்.

அம்மா: வீக்கம் வற்றியதா? ஐஸ் வைத்தாயா?

நான்: வைத்தேன்.

பெரியப்பா: பழையதை அப்படியே குப்பையில் போடாதே, யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள். நாடாவை வெட்டிவிட்டுப் போடு.

இரவு 9:20

நான்: [படம்]

நான்: வெட்டிவிட்டேன் பெரியப்பா.