பழைய பல்பைக் கழற்றி எல்இடி மாட்டினால் போதாதா? ரயில்வே சிக்னல் பற்றி ஒரு சந்தேகம்

ஜன்னலோரம்:
ரயிலில் ஏறினால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சிக்னல் எண்ணுகிற ஆள் நான். பெரிய கண்ணாடி வில்லை போட்ட பழைய சிக்னல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், புள்ளி புள்ளியாக எரியும் எல்இடி சிக்னல் வந்துகொண்டிருக்கிறது. என் சந்தேகம் இதுதான். வீட்டில் குண்டு பல்பைக் கழற்றி அதே ஹோல்டரில் எல்இடி மாட்டுவது இரண்டு நிமிட வேலை. ரயில்வே சிக்னலில் மட்டும் ஏன் முழுப் பெட்டியையும் மாற்றி, சிக்னலை இயக்கும் சுவிட்சுகள் இருக்கிற ரிலே ரூம் வரை கை வைத்து, அத்தனை சோதனை செய்கிறார்கள்? மின்சாரம் மிச்சம் என்று சொல்கிறார்கள். சிக்னல் பல்பு 24 வாட்தானாம், அதிலும் பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒரு விளக்குதான் எரியும். இதில் என்ன பெரிய மிச்சம்? தேடிப் பார்த்தால் விளம்பரம்தான் வருகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சர்க்யூட் கிறுக்கன்:
மின்சாரக் கணக்கு சின்னதுதான், அதை விட்டுவிடுங்கள். உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்.

வீட்டில் பல்பு போனால் இருட்டில் தடவிக்கொண்டு போய் வேறு மாட்டுவீர்கள், அவ்வளவுதான். சிக்னலில் சிவப்பு அணைந்துபோனால், இரவில் வேகமாக வருகிற டிரைவருக்கு அங்கே ஒரு சிக்னல் நிற்பதே கண்ணில் படாமல் போகலாம். அதனால் விளக்கு எரிகிறதா இல்லையா என்பதை அந்தச் சுற்றே ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பல்புக்குப் போகிற கம்பியில் தொடராக ஒரு ரிலே, அதாவது மின்னோட்டத்தால் இயங்குகிற ஒரு சுவிட்ச், போட்டிருப்பார்கள். 12 வோல்ட், 24 வாட் பல்பு என்றால் 2 ஆம்பியர். (நிறைய இடங்களில் கம்பத்தடியில் டிரான்ஸ்பார்மர் இருக்கும், ரிலே அதற்கு முன்னால் இருக்கும், அங்கே கணக்கு மாறும். விஷயம் ஒன்றுதான்.) அந்த மின்னோட்டம் இருக்கும்வரை ரிலே தூக்கிக்கொண்டு நிற்கும். ஃபிலமென்ட் அறுந்தால் விழும். சிவப்பு பல்பின் ரிலே விழுந்தால், ரயில் வருகிற வழியில் அதற்கு முந்தைய சிக்னலைச் சிவப்பிலேயே பிடித்து வைத்துவிடும்.

இப்போது அதே ஹோல்டரில் எல்இடியை மாட்டுங்கள். அது எடுக்கிற மின்னோட்டம் ரொம்பக் குறைவு. விளக்கு ஜோராக எரியும், ஆனால் ரிலே "பல்பு செத்துப்போச்சு" என்று முடிவு கட்டி ரயிலை நிறுத்திவிடும். ஆகவே ஒன்று ரிலேயை மாற்ற வேண்டும், அல்லது எல்இடிக்குப் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, பழைய பல்பு அளவுக்கு மின்சாரத்தை வேண்டுமென்றே சூடாக்கி வீணடிக்க வேண்டும். மிச்சம் பிடிக்கப் போட்ட விளக்குக்குப் பக்கத்திலேயே வீணடிக்க ஒரு சாமான்! பழைய ரிலேக்களை வைத்துக்கொண்டே எல்இடிக்கு மாறும்போது இப்படியும் செய்வது உண்டு.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் இருக்கிறது. மின்மயமான பாதையில், தண்டவாளத்தோடு கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கேபிளில் மேலே போகிற உயர் அழுத்தக் கம்பியால் கொஞ்சம் மின்னழுத்தம் தூண்டப்படும். ஃபிலமென்ட் அதைச் சட்டை செய்யாது, 2 ஆம்பியர் கேட்கிற பல்பை அந்தக் கசிவு என்ன செய்யும்? எல்இடி அப்படியில்லை, சில மில்லியாம்பியருக்கே மினுக்கத் தொடங்கிவிடும். யாரும் கொடுக்காத பச்சை மங்கலாக எரிந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதனால்தான் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே எரியவே கூடாது என்று உள்ளேயே ஒரு சுற்று வைத்திருப்பார்கள். நாள் கணக்கில் சோதிப்பது இதைத்தான்.

தினப்பயணி:
இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டாம். எல்இடிக்கு வெளிச்சம் அதிகம், அதனால் மாற்றுகிறார்கள். பழைய சிக்னல் மத்தியான வெயிலில் தெரியவே தெரியாது.

பழைய லாம்ப்மேன்:
தம்பி தினப்பயணி, பழைய சிக்னலும் வெயிலில் நன்றாகவே தெரியும், நேர்க்கோட்டில் நின்று பார்த்தால். பல்பு சின்னது, வேலை செய்ததெல்லாம் அதன் முன்னால் இருந்த வில்லை. கற்றை அவ்வளவு ஒடுக்கம். ஃபிலமென்ட் தன் இடத்திலிருந்து துளி விலகினால் போதும், ஒளி தண்டவாளத்தை விட்டுவிட்டுப் பக்கத்துப் புதரைப் பார்க்கும்.

நான் சிக்னல் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்களை வதைத்தது வெளிச்சக் குறைவு கிடையாது, பல்பு சொல்லாமல் சாவதுதான். 12 வோல்ட் பல்புக்கு நாங்கள் முழு 12 கொடுக்க மாட்டோம், பத்து சதவீதம் போலக் குறைத்துத்தான் கொடுப்போம். ஆயுள் ஏறக்குறைய நான்கு மடங்காகும், வெளிச்சத்தில் 30 சதவீதம் போகும், போகட்டும் என்று விடுவோம். அப்படியும் அறுகிறதென்று பல்புக்குள்ளேயே இரண்டு ஃபிலமென்ட். முதலாவது போனால் இரண்டாவது எரியும், கேபினில் மணி அடிக்கும். அந்த மணி எப்போதும் மழை கொட்டுகிற இரவில்தான் அடிக்கும், அது என்ன கணக்கோ.

ஏணியில் ஏறிப் பின்கதவைத் திறந்தால் முகத்தில் சூடும் கருகிய தூசி வாடையும் அடிக்கும். பல்பின் கண்ணாடி உள்பக்கம் புகை பிடித்த மாதிரி கறுத்திருக்கும், டங்ஸ்டன் ஆவியாகிப் படிந்தது அது. புதியதை அடிப்பாகத்தில் பிடித்து மாட்ட வேண்டும், கண்ணாடியில் விரல் பட்டால் துணியால் துடைக்க வேண்டும். இவ்வளவும் செய்யும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் வண்டி போகும், கம்பமே உதறும். எல்இடி எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அந்த ஏணிதான். ஒரு விளக்குக்குள் பல வரிசைகள், ஒரு வரிசை செத்தாலும் மிச்சம் எரியும். சாவகாசமாகப் பகலில் போய் மாற்றலாம்.

இன்னொன்று, பொய் வெளிச்சம். சூரியன் தாழ்வாக இருக்கும்போது வெயில் சிக்னலுக்குள் நேராகப் புகுந்து, வண்ணக் கண்ணாடி வழியாகப் போய், பின்னால் உள்ள பிரதிபலிப்பானில் பட்டு அதே வண்ணத்தோடு திரும்பி வரும். எரியாத பச்சை எரிகிற மாதிரி காட்டும்! பெரும்பாலான எல்இடியில் நிறம் உள்ளே இருக்கிற சில்லிலேயே (சிப்) பிறக்கிறது, முன்னால் இருப்பது வெறும் தெளிந்த கண்ணாடி, பின்னால் பிரதிபலிப்பான் கிடையாது. பட்டுத் திரும்புகிற வெயில் வெள்ளையாகத்தான் திரும்பும். கொஞ்சம் கூசும், ஆனால் பொய் சொல்லாது.

தினப்பயணி:
சரி, ஒப்புக்கொள்கிறேன்.

சர்க்யூட் கிறுக்கன்:
லாம்ப்மேன் ஐயா சொன்னதில் ஒரு சின்னச் சேர்க்கை. அமெரிக்காவில் நிறைய இருந்த சர்ச்லைட் சிக்னலில் இந்தப் பொய் வெளிச்சத் தொல்லை அவ்வளவாக இல்லை. ஒரே பல்பு, ஒரே வில்லை. உள்ளே நகக்கண் அளவு வண்ணக் கண்ணாடிகள் மூன்றை ஒரு ரிலே அசைத்து ஒளிக்கு முன்னால் கொண்டுவரும். வெயில் புகுந்தாலும் அந்த நேரத்து நிறம்தானே திரும்பும். அழகான சாமான். ஆனால் அசைகிற பாகம் என்று ஒன்று இருந்தால் ஒருநாள் சிக்கிக்கொள்ளத்தான் செய்யும், உதிரிபாகமும் கிடைக்காது. 2008-ல் அங்கே தானியங்கி ரயில் கட்டுப்பாட்டுக்குச் சட்டம் போட்டார்கள். அந்த வேலையோடு வேலையாக ஏகப்பட்ட சர்ச்லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்இடி நட்டார்கள்.

பனிக்காடு:
பனி கொட்டுகிற ஊரில் வேலை செய்கிறவன் என்பதால் ஒரு புலம்பல். அந்த 24 வாட்டில் பெரும்பங்கு சூடாகத்தான் போகும், வீண் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வீண்தான் இத்தனை வருடமாகக் கண்ணாடியில் ஒட்டிய பனியை உருக்கிக்கொண்டிருந்தது. எல்இடி முன்பக்கம் ஜில்லென்று இருக்கும். காற்றோடு ஈரப்பனி அடித்தால் வெயில் படாமல் விளக்கைச் சுற்றி வைத்த மறைப்புத் தகட்டுக்குள் புகுந்து அப்பிக்கொள்ளும், உள்ளே சிவப்பு எரிகிறது, ரிலேயும் எல்லாம் சுகம் என்கிறது, டிரைவருக்கு வெள்ளை உருண்டைதான் தெரிகிறது. கண்ணாடியைச் சாய்த்து வைப்பது, மறைப்பின் அடிப்பக்கத்தை வெட்டிவிடுவது, கடைசியில் ஒரு ஹீட்டரே வைப்பது என்று ஏதேதோ செய்கிறோம்.

பனியும் சிக்னலும் பழைய பகைதான். 1876 ஜனவரி 21 அன்று இங்கிலாந்தில் ஆபட்ஸ் ரிப்டனில் கைகாட்டியில் பனி உறைந்து, 'போகலாம்' நிலையிலேயே நின்றுவிட்டது, ரயில்கள் மோதின. அதற்குப் பிறகுதான் அங்கே கைகாட்டி சும்மா இருக்கும்போது 'நில்' என்றே காட்ட வேண்டும் என்ற வழக்கம் வந்தது.

ஜன்னலோரம்:
எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. எல்இடி 1960-களிலேயே வந்துவிட்டதே, ரயில்வே ஏன் இவ்வளவு காலம் காத்திருந்தது? அப்புறம், நான் எடுக்கிற வீடியோவில் சில சிக்னல்கள் விட்டு விட்டு எரிகின்றன, கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. என் போன் கோளாறா?

சர்க்யூட் கிறுக்கன்:
1962-ல் வந்தது சிவப்பு, அதுவும் மின்மினி அளவு. பழைய பச்சை எல்இடியும் மங்கல்தான், நிறமும் மஞ்சளைத் தொட்டுக்கொண்டிருக்கும். சிக்னலுக்கு வேண்டியது கொஞ்சம் நீலம் கலந்த பச்சை, மஞ்சளோடு குழம்பக் கூடாதே. அதற்கான பொருள் பிரகாசமான நீல எல்இடியோடு சேர்ந்து 1990-களில்தான் கைக்கு வந்தது. அந்த நீலத்துக்குத்தான் 2014-ல் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல். சிவப்பு மட்டும் வைத்துக்கொண்டு ரயிலை நிறுத்தலாம், ஓட்ட முடியாதே.

வீடியோ விஷயம், போன் கோளாறு இல்லை. மாறுதிசை மின்சாரத்தில் இருந்தோ துடிப்பாகவோ ஊட்டம் கிடைக்கிற எல்இடி ஒரு வினாடிக்குள் பலமுறை அணைந்து எரியும். ஃபிலமென்ட் சூட்டை வைத்துக்கொண்டு அந்த இடைவெளியை நிரப்பிவிடும், எல்இடிக்கு அந்த ஞாபகசக்தி கிடையாது. ஷட்டர் வேகத்தைக் குறைத்து எடுத்துப் பாருங்கள்.

பழைய லாம்ப்மேன்:
ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எல்இடி பெரும்பாலும் பல்பு மாதிரி சட்டென்று சாகாது, வருடக் கணக்கில் மெல்ல மங்கும். மின்னோட்டம் அதே அளவில் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் ரிலேக்கு ஒன்றும் தெரியாது. வெளிச்சம் அளக்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு எப்போதாவது ஒருவர் ஏறித்தான் பார்க்க வேண்டும். ஏணியை முழுசாகத் தூக்கிப் போட்டுவிட முடியாது தம்பி.