தமனிச் சுவரில் கொழுப்பு: சேர்வது எப்படி, திரும்பக் கரையுமா?

கேள்வி:
ரத்தம் இவ்வளவு வேகமாக ஓடும் தமனியில் கொலஸ்டிரால் எப்படி ஒட்டி நிற்கிறது? ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டால் அடைப்பு கரைந்துவிடும் என்பது எவ்வளவு உண்மை?

பதில் 1:
தண்ணீர்க் குழாயில் உப்பு படிவதுபோல உள்பரப்பில் ஒட்டுவதில்லை, சுவருக்குள்ளே சேர்கிறது. ரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் எல்டிஎல் (‘கெட்ட கொலஸ்டிரால்’) துகளின் விட்டம் சுமார் 20 நானோமீட்டர்தான். எண்டோதீலியம் என்ற ஒற்றைச் செல் அடுக்கைக் கடந்து உள்ளே போய்விடும். துகளின் மேலுள்ள அப்போ-பி புரதத்தில் நேர்மின்னூட்டம் உண்டு, சுவரிலுள்ள புரோட்டியோகிளைக்கான் இழைகளில் எதிர்மின்னூட்டம். அதனால் சில துகள்கள் அங்கேயே சிக்கி ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அவற்றை விழுங்க மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் உள்ளே நுழைந்து, மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்களாக மாறுகின்றன.

கோளாறு இங்கேதான். மற்ற செல்களில் கொலஸ்டிரால் நிறைந்ததும், எல்டிஎல்லைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் குறைந்துவிடும். மேக்ரோஃபேஜின் ஸ்காவெஞ்சர் ஏற்பிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. விழுங்கி விழுங்கி, கொழுப்பு நிறைந்த நுரைசெல்லாகி, கடைசியில் அங்கேயே மடியும். உள்ளிருந்த கொழுப்பு சுவரிலேயே கொட்டும். தமனி கிளை பிரியும் இடங்களில் ஓட்டம் சுழல்வதால் முதலில் அங்கேதான் தொடங்கும்.

பதில் 2:
கரைவது பற்றி: ஆரம்பநிலைக் கொழுப்புக் கீற்று நன்றாகவே பின்வாங்கும். முற்றிய படிவு கொஞ்சம்தான் சுருங்கும். 2006இல் வெளியான ஆஸ்டராய்டு ஆய்வில் ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை தினமும் 40 மி.கி. இரண்டு ஆண்டு கொடுத்து, எல்டிஎல்லை 130இலிருந்து 61 மி.கி./டெ.லி. ஆக்கினார்கள். தமனியின் கன அளவில் படிவின் பங்கு சுமார் ஒரு சதவீதப் புள்ளி அளவுக்கே குறைந்தது.

இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மாரடைப்பு பெரும்பாலும் வருவது படிவை மூடிய நார்த்தொப்பி கிழிந்து, அங்கே ரத்தம் உறைவதால். 65 மைக்ரானுக்கும் மெல்லிய தொப்பிதான் ஆபத்தானது. எல்டிஎல் இறங்கினால் கொழுப்புக் கரு வற்றி, தொப்பி தடிக்கும். 2022இன் பாக்மேன்-ஏஎம்ஐ ஆய்வில், ஸ்டாட்டினுடன் எல்டிஎல்லைக் குறைக்கும் அலிரோகுமாப் ஊசியும் போட்டவர்களுக்கு 52 வாரத்தில் தொப்பி சுமார் 63 மைக்ரான் தடித்தது. ஸ்டாட்டின் மட்டும் எடுத்தவர்களுக்கு 33.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் கால்சியம் ஸ்கோர் (இதயத் தமனியில் படிந்த கால்சியத்தை அளக்கும் சி.டி. ஸ்கேன்) எடுத்துப் பார்த்தால் முன்னேற்றம் தெரியுமா?

பதில் 2:
தெரியாது, அதை வைத்து அளக்கவே கூடாது. ஸ்டாட்டின் எடுக்கும்போது படிவு இறுகுவதால் ஸ்கோர் ஏறவும் செய்யும். அதைக் கண்டு பயந்து மருந்தை நிறுத்துவதுதான் பெரிய தவறு.

பதில் 1:
ஆமாம், பார்க்க வேண்டியது எல்டிஎல். தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபரிசோதனை. இலக்கை எட்டாவிட்டால், ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்கும். அதைவிட, குடல் கொலஸ்டிராலை உறிஞ்சுவதைக் குறைக்கும் எசெட்டிமைப் மாத்திரை 10 மி.கி. சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 20 சதவீதம் வரை குறையும்.